தூரத்து உரிமையும் வாசற்படிக் கடனும்

கோவை ரேஸ்கோர்ஸில் சர் ஆர். கே. சண்முகம் செட்டியார் வாழ்ந்த மாளிகைக்கு ‘ஹவார்டன்’ என்று பெயர். கொங்கு நாட்டில் வீட்டுக்கு முன்னோர் பெயரையோ வழிபடு தெய்வத்தின் பெயரையோ இடுவதுதான் வழக்கம். ஹவார்டன் என்பதோ வேல்ஸ் நாட்டிலுள்ள ஒரு சிற்றூர். நான்கு முறை பிரிட்டனின் பிரதமராக இருந்த வில்லியம் கிளாட்ஸ்டன் வாழ்ந்து, 1898இல் கண்மூடிய ஊர். இந்தப் பெயரைக் கேட்குந்தோறும் நம் உள்ளத்தில் ஒரு வினா எழுவதுண்டு. தன் வாசலில் கிடக்கும் அநீதியை அகற்றாத ஒருவன், கடல் கடந்த மக்களின் உரிமைக்காகக் குரலெழுப்பத் தகுதியுடையவன்தானா?

கிளாட்ஸ்டனை எடுத்துக்கொள்வோம். ஐரோப்பிய விவகாரங்களில் மனித உரிமையின் பெயரால் பேசிய அரசியல்வாதிகளுள் அவர் முன்வரிசையில் நிற்பவர். 1850ஆம் ஆண்டின் இறுதியில் குடும்பத்தோடு நேப்பிள்ஸ் சென்றவர், அங்கே அரசியல் கைதிகள் சங்கிலியால் பிணைக்கப்பட்டு வாடுவதைச் சிறைக்குள் புகுந்து நேரிற் கண்டார். மறு ஆண்டு அதனைக் கடிதங்களாக வெளியிட்டார். ஐரோப்பிய அரசவைகள் அதிர்ந்தன. 1876இல் பல்கேரியாவில் நடந்த படுகொலைகளைக் குறித்து அவர் எழுதிய சிறுநூல் ஒரு மாத காலத்துக்குள் ஏறத்தாழ 2 லட்சம் பிரதிகள் விற்றது. 1879இல் ஸ்காட்லாந்தில் வாக்குக் கேட்டுச் சென்றபோது, ஆப்கானிய மலைக் கிராமத்துக் குடிசையிலுள்ள உயிரும் உங்கள் உயிரைப் போன்றே புனிதமானது என்ற கருத்தைத் தம் நாட்டு மக்களின் முகத்துக்கு நேரே சொன்னார். வாக்குக் கேட்கப் போன இடத்தில் அப்படிச் சொல்ல எத்தனை பேருக்கு வாய் வரும்?

ஆயினும் அதே மனிதரின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டியிருக்கிறது. அவருடைய தந்தையார் ஜான் கிளாட்ஸ்டன் மேற்கிந்தியத் தீவுகளிலும் டெமராராவிலும் கரும்புத் தோட்டங்களுக்கும் அடிமைகளுக்கும் உடைமையாளர். அடிமைமுறை ஒழிக்கப்பட்டபோது 2,500க்கு மேற்பட்ட அடிமைகளுக்கு ஈடாக ஒரு லட்சம் பவுனுக்கு மேல் அரசிடம் இழப்பீடு பெற்றவர். இழப்பீடு பெற்றவர் உடைமையாளரேயன்றி அடிமைகள் அல்லர்! மகனார் 1833இல் பாராளுமன்றத்துக்கு வந்த புதிதில், தந்தையின் தோட்ட நிர்வாகத்தை ஆதரித்துப் பேசினார். அடிமைகள் கைவிட்டுப் போனதும் தந்தையார் கண் திருப்பிய திசை நம் இந்தியா. 1838இல் இரண்டு கப்பல்களில் ஏறத்தாழ 400 இந்தியக் கூலிகள் கயானாவுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். பின்னாளில் தமிழ்நாட்டுத் துறைமுகங்களிலிருந்தும் பெருகி ஓடிய ஒப்பந்தக் கூலி ஆற்றின் முதல் ஊற்றுகளில் அது ஒன்று.

பல்கேரியச் சிறுநூலைப் பற்றியும் மனந்திறந்து ஒன்று சொல்லிவிட வேண்டும். உதுமானிய ஆட்சியின்மீது நம் முன்னோர் வைத்திருந்த பற்றின் காரணமாக, அந்தப் படுகொலைகளே கட்டுக்கதை என்பாரும் நம்மவரிடையே உண்டு. அது சரியன்று. பட்டாக் என்னும் ஊரில் முறைசாராப் படையினர் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது வரலாற்று உண்மை. கொன்றவன் நம் பெயர் உடையவன் என்பதால் கொலை சிறியதாகிவிடாது. ஆனால் கிளாட்ஸ்டன் கொன்றவர்களைக் கண்டித்ததோடு நில்லாமல், துருக்கிய இனத்தையே இழித்துரைத்தார் என்பதும் உண்மை. அடுத்த ஆண்டு மூண்ட ரஷ்ய – துருக்கிப் போரில் பால்கன் நாடுகளிலிருந்து லட்சக்கணக்கான முஸ்லிம் குடும்பங்கள் வண்டியிலும் நடையிலுமாக வெளியேறினவே, அவர்களுக்காக அத்தகைய ஒரு சிறுநூலை அவர் எழுதினாரில்லை. 1882இல் அவர் பிரதமராயிருந்தபோதுதான் பிரிட்டிஷ் கப்பற்படை அலெக்ஸாந்திரியா நகரைக் குண்டு வீசித் தகர்த்தது. அமைச்சரவையிலிருந்த ஜான் பிரைட் என்பார் அதனைப் பொறாது பதவி துறந்தார். ஆப்கானியக் குடிசையைப் பற்றிப் பேசிய நாவுக்கு எகிப்தியரின் வீடு கண்ணிற் படவில்லை.

இனி நம் ஊர்க்காரரிடம் வருவோம்.

சண்முகம் செட்டியார் 1892இல் கோவையில் ஓர் ஆலைக் குடும்பத்தில் பிறந்தவர். சென்னையிற் கற்றுச் சட்டத் தேர்ச்சி பெற்றவர். மத்திய சட்டசபையில் உறுப்பினராகிப் பின் அதன் தலைவராகவும் வீற்றிருந்தார். சுயமரியாதை இயக்கத்தின் தொடக்க காலத்தில் அதன் மேடைகளிலும் நின்றவர். 1928, 1929, 1932ஆம் ஆண்டுகளில் ஜெனீவாவில் கூடிய சர்வதேசத் தொழிலாளர் மாநாட்டுக்கும், 1932இல் ஒட்டாவா மாநாட்டுக்கும், 1938இல் சர்வதேச சங்கத்துக்கும், 1944இல் பிரெட்டன்வுட்ஸ் மாநாட்டுக்கும் இந்தியாவின் பிரதிநிதியாகச் சென்றார். விடுதலை பெற்ற நாட்டின் முதல் நிதியமைச்சராகி, 1947 நவம்பர் 26ஆம் நாள் முதல் வரவுசெலவுத் திட்டத்தை முன்வைத்தவரும் இவரே. இடையில் தமிழிசைக்குத் தோள் கொடுத்தார். சிலப்பதிகாரத்தின் புகார்க் காண்டத்துக்கு உரை வகுத்தார். (பெண்ணொருத்தி அரசனிடம் நீதி கேட்கும் காட்சி அடுத்த காண்டத்தில்தான் வருகிறது.) கொங்கு மண்ணிலிருந்து இத்தனை தூரம் சென்ற பிறரைக் காண்பது அரிது.

தொழிலாளர் மாநாட்டைப் பற்றிச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும்; ஏனெனில் அதன் தீர்மானங்கள் நம் ஊர் ஆலைச் சங்கின் ஓசையோடு தொடர்புடையவை. 1919இல் வாஷிங்டனிற் கூடிய முதல் மாநாடு, ஆலைத் தொழிலாளி நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் உழைத்தாற் போதும் என்று விதித்தது. ஆனால் அதே உடன்படிக்கையின் பத்தாவது பிரிவு, பிரிட்டிஷ் இந்தியாவுக்கு மட்டும் வாரத்துக்கு 60 மணி நேரம் என்றது. வெப்ப நாடு, பழக்கம், தொழில் வளர்ச்சி என்று காரணங்கள் சொல்லப்பட்டன. மான்செஸ்டரில் பஞ்சுத் தூசியை விழுங்கும் நுரையீரல் ஒரு வகை, பீளமேட்டில் விழுங்கும் நுரையீரல் வேறொரு வகை என்பதுபோல! மனிதனின் உரிமையை அளக்க இரண்டு முழக்கோல்கள்.

இதைப் படித்தபோது நாமும் முதலிற் சினந்தோம். பின்னர் நிகழ்ந்தவற்றைத் தொடர்ந்து பார்த்தபோது சினம் சற்று அடங்கியது. அந்த 60 மணி நேரமாவது 1922ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தில் ஏறியது. 1934ஆம் ஆண்டுச் சட்டம் அதனை 54 ஆக்கியது. 1946இல் 48 ஆயிற்று. பைகாரா மின்சாரம் வந்த பின் கோவையில் அடுக்கடுக்காக எழுந்த நூற்பாலைகளில் நின்று உழைத்த ஆணும் பெண்ணும் இந்தக் குறைவினால் பெற்றது வாரத்துக்குப் பன்னிரண்டு மணி நேர வாழ்வு. அதற்குத் தொழிற்சங்கங்களின் போராட்டம் பெருங்காரணம். சிறையும் தூக்குமேடையும்கூட இவ்வட்டாரத் தொழிலாளர் இயக்கத்தின் வரலாற்றில் உண்டு. ஆயினும் தூரத்து நகரமொன்றில் கோட்டும் தலைப்பாகையுமாக அமர்ந்து ஆலையுடைமையாளரும் அரசாங்கத்தாரும் கையெழுத்திட்ட தாளும் ஒரு காரணமே. அவர்கள் மனப்பூர்வமாக இட்டார்களா, மானத்துக்கு அஞ்சி இட்டார்களா என்பது வேறு செய்தி. இட்ட கையெழுத்து அவர்களைப் பின்தொடர்ந்து வீடுவரை வந்தது.

சர்வதேச சங்கத்தின் கதை இத்துணை நல்ல கதையன்று. 1919இல் வெர்சேல்ஸ் உடன்படிக்கையில் இந்தியாவும் கையெழுத்திட்டதால், தன்னைத் தானே ஆளாத நாடாக இருந்தும் சங்கத்தின் தொடக்க உறுப்பினராயிற்று. பிரதிநிதியைத் தேர்ந்தனுப்பியவர்களோ ஆளும் ஆங்கிலேயர். இரவல் நாவு கொண்டு உலகத்தோடு பேசினோம் என்க. 1937இல் அச்சங்கப் பேரவையின் தலைவராக ஆகா கான் அமர்ந்தார். மறு ஆண்டு நம் கோவைக்காரர் பிரதிநிதியாகச் சென்றார். பேரவை கூடியிருந்த அந்த 1938 செப்டம்பர் மாதத்தின் இறுதியிலேதான், மியூனிக் நகரில் நான்கு வல்லரசுகள் செக்கோஸ்லோவாகியாவைக் கூறுபோட்டன. கூறுபோடப்பட்ட நாட்டுக்கு அந்த மேசையில் ஓர் இருக்கைகூட இல்லை. அங்கு வாழ்ந்த ஜெர்மானியச் சிறுபான்மையினரின் உரிமையைக் காக்கிறேன் என்பதே ஹிட்லர் சொன்ன சாக்கு. உரிமை என்ற சொல்லைக் கத்தியாகத் தீட்டவும் முடியும் என்பதை நூற்றாண்டு கண்டுகொண்ட நாள் அது.

அந்தச் சாக்குக்கு இடங்கொடுத்தது சங்கத்தின் பழைய குறையொன்று. முதல் உலகப்போருக்குப் பின் போலந்து, ருமேனியா, செக்கோஸ்லோவாகியா முதலான நாடுகள்மீது சிறுபான்மையோர் பாதுகாப்பு உடன்படிக்கைகள் சுமத்தப்பட்டன. நற்பயனும் விளையாமலில்லை: 1933இல் மேல் சிலேசியாவைச் சேர்ந்த ஒரு யூதர் தந்த மனுவினால், நாஜிகளின் பாகுபாட்டுச் சட்டங்கள் அந்த ஒரு மாகாணத்தில் மட்டும் 1937 வரை நிறுத்திவைக்கப்பட்டன. ஒரு மனுவுக்கு அத்தனை வலிமை! ஆனால் பிரிட்டனோ பிரான்சோ தங்கள் ஆட்சியிலுள்ள சிறுபான்மையினருக்காக அத்தகைய உறுதி எதையும் தர ஒப்பவில்லை. எல்லா நாடுகளுக்கும் பொதுவாக்குக, இன்றேல் எமக்கும் வேண்டா என்று 1934இல் போலந்து ஒதுங்கிக்கொண்டது. கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் வாதந்தான். அதன் விளைவை அனுபவித்தவர்களோ வல்லரசுகள் அல்லர். போலந்தின் யூதரும் உக்ரேனியரும்.

‘முதலில் உன் வாசலைக் கூட்டு’ என்னும் வாதத்தை நாம் ஐயத்தோடு நோக்குவது இதனாலேயே. அது பெரும்பாலும் வாசலைக் கூட்டுகிறவன் வாயிலிருந்து வருவதில்லை. கூட்ட விரும்பாத இன்னொருவன் வாயிலிருந்து வருகிறது. இன்று ஐரோப்பியர் கீழை நாடுகளுக்கு மனித உரிமை போதிக்கும்போது, மத்தியதரைக் கடலில் அகதிகள் மூழ்குவதை நம் அரசுகள் சுட்டிக் காட்டுகின்றன. உண்மைதான். சுட்டிக் காட்டிய பின் தம் சிறைக் கதவுகளைத் திறந்துவிடுகின்றனவா? இல்லை. இரு தரப்பார் சொல்வதும் மெய்யாக இருந்து, இரு தரப்பாரும் தப்பித்துக்கொள்வதைக் காண்கிறோம்.

சண்முகம் செட்டியார் வாசலில் கிடந்தது என்ன? 1935 முதல் 1941 வரை அவர் கொச்சி சமஸ்தானத்தின் திவான். 1936 நவம்பரில் பக்கத்துத் திருவிதாங்கூர் மன்னர் எல்லா இந்துக்களுக்கும் கோயில்களைத் திறந்துவிட்டார். கொச்சி திறக்கவில்லை, 1940களின் பிற்பகுதி வரை அங்கே ஒடுக்கப்பட்ட மக்கள் கோயில் மதிலுக்கு வெளியே நின்றார்கள். சுயமரியாதை மேடையில் நின்றவர் திவானாக இருந்தும் அந்த ஆண்டுகளிற் கதவு அசையவில்லை. அது மன்னரின் பிடிவாதம், திவானின் கை அதற்கு எட்டாது என்று அவருக்காக வழக்காடலாம். நாமும் ஓரளவு ஒப்புவோம். அதே திவானின் காலத்தில், 1938இல், கொச்சியில் மக்கள் பிரதிநிதி ஒருவரை அமைச்சராக்கும் சீர்திருத்தமும் வந்தது. சமஸ்தானங்களில் அது முன்னோடி. ஆகவே அவரை வேடதாரி என்று ஒரே சொல்லில் முடிக்க நமக்கு மனமில்லை. ஆனால் ஜெனீவாவிற்குச் செல்லும் வழி கோயில் மதிலுக்கு வெளியே நின்றவர்களைக் கடந்தே சென்றது என்பதை மறக்கவும் மனமில்லை.

அரபியில் ‘ஹக்’ என்று ஒரு சொல். உண்மை என்றும் பொருள், உரிமை என்றும் பொருள். மதரஸாவின் முதல் ஆண்டுகளிலேயே உஸ்தாதுமார் அதில் ஒரு நுட்பத்தைக் காட்டுவார்கள். ‘லஹு’ என்ற இடைச்சொல்லோடு சேர்ந்தால் அவனுக்குரிய உரிமை. ‘அலைஹி’ என்பதோடு சேர்ந்தால் அவன்மீதுள்ள கடமை. சொல் ஒன்றே, யார் பக்கம் நின்று சொல்கிறோம் என்பதே வேறுபாடு. அடியார்களின் ஹக்கை, அதற்குரியவன் மனமுவந்து விட்டுக்கொடுத்தாலன்றித் தீராக் கடனாகவே ஃபிக்ஹு அறிஞர்கள் கருதினார்கள். தமிழிலோ ‘உரிமை’ என்பது முற்காலத்தில் உடைமையையும் உறவையும் குறித்தது. அரசனின் அந்தப்புரப் பெண்டிரை ‘உரிமை மகளிர்’ என்றார்கள். உடைமையாக இருந்தவளின் பெயராயிருந்த சொல், உடைமையாக இருக்க மறுப்பவளின் சொல்லாக இன்று மாறியிருக்கிறது. சொற்கள் மனிதரைவிட விரைவாகத் திருந்துகின்றன போலும்.

அந்த நுட்பத்தைக் கொண்டு பார்த்தால் நம் வினாவுக்கு விடை ஒருவாறு புலப்படுகிறது. தூரத்து மக்களின் உரிமையைப் பேச எவருக்கும் தகுதிச் சான்று வேண்டியதில்லை. குற்றமற்றவனே பேசலாம் என்றால் உலகில் எந்த அநீதியும் கண்டிக்கப்படாது. ஆனால் பேசிய கணத்திலேயே அச்சொல் பேசியவன்மீது கடனாக ஏறிவிடுகிறது. நேப்பிள்ஸ் சிறைக்காக எழுதிய கிளாட்ஸ்டனிடம், கயானாவின் கூலி அந்தக் கடனைக் கேட்கலாம். ஜெனீவா சென்ற திவானிடம் மதிலுக்கு வெளியே நின்றவன் கேட்கலாம். கடன் கேட்டு வந்தவனைத் திண்ணையில் உட்காரவைத்துப் பேசுகிறானா, நாயை அவிழ்த்து விடுகிறானா என்பதில்தான் பேச்சாளனின் நேர்மை தெரியும்.

இதனை நாம் நூல்களிலிருந்து மட்டும் கற்கவில்லை. 1993ஆம் ஆண்டு, போஸ்னியாவில் முஸ்லிம்கள் கொல்லப்பட்ட காலம். நாம் அப்போது ஸனது பெற்று ஒரு மதரஸாவில் புதிதாகச் சேர்ந்த இளம் ஆசிரியர். நிவாரண நிதிக்குப் பெட்டி ஏந்தி, ஜும்ஆவுக்குப் பின் தொண்டை கம்மப் பேசுவோம். மதரஸாவில் சமையல் செய்த ஒரு மூதாட்டியை மாணவர் எல்லோரும் நன்னி என்பார்கள். ஒரு நாள் பெட்டியில் ஐந்து ரூபாயைப் போட்டுவிட்டு, “அந்த ஊரு எங்கீங்க இருக்குது, அசரத்து?” என்றார். ஐரோப்பாவில் என்று விளக்கினோம். பொறுமையாகக் கேட்டபின் சொன்னார்: “எனக்கு மூணு மாசச் சம்பளம் வரோணுமுங்க. அதை வாங்கிக் குடுத்தீங்கன்னா பத்தாப் போடுவேனுங்க.” குத்திப் பேசியதாக நினைக்க வேண்டா, அவருக்கு அது வெறும் கணக்கு. நமக்கோ அன்று சோறு இறங்கவில்லை. நிர்வாகத்தாரிடம் சென்று கேட்க நமக்கு மேலும் இரண்டு நாள் தேவைப்பட்டது. போஸ்னியாவைப் பற்றிப் பேச ஒரு நொடியும் தேவைப்பட்டதில்லை.

நன்னியின் கணக்கு தீர்ந்தது. தீராத கணக்கு ஒன்று உண்டு. 1995இல் ஸ்ரெப்ரெனிக்காவில் 8,000க்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டபோது, ஐக்கிய நாட்டுப் படை பார்த்திருக்க நடந்த அந்தக் கொடுமையைப் பற்றி நீண்ட கட்டுரை எழுதினோம். இரண்டு ஆண்டுகள் கழித்து நம் கோவையே எரிந்தது. 1997 நவம்பர் இறுதியில் தொடங்கிய கலவரத்தில் 18 முஸ்லிம்கள் மாண்டார்கள். 1998 பிப்ரவரி 14ஆம் நாள் தொடங்கிய குண்டுவெடிப்புகளில் 58 பேர் மாண்டார்கள். அந்நாட்களில் ஊரில் எவரைக் கேட்டாலும் ஓர் எண்ணை மட்டுமே சொல்வார்கள். நம் தெருவில் 18. அடுத்த தெருவில் 58. இரண்டையும் சேர்த்துச் சொன்ன வாயை நாம் கண்டது அரிது. நமது வாயும் அவற்றுள் ஒன்றன்று. போஸ்னியாவுக்கும் கோட்டைமேட்டுக்கும் இருந்த தொலைவைவிட, ஒரு தெருவுக்கும் மறுதெருவுக்கும் இருந்த தொலைவு பெரிதாயிற்று.

டவுன்ஹால் பக்கம் நம் கிதாபுகளுக்குப் பல்லாண்டு பைண்டிங் செய்து கொடுத்த இந்துப் பெரியவர் ஒருவர் இருந்தார். அரபி எழுத்து தெரியாதவர். ஆயினும் எந்தப் பக்கம் முகப்பு என்பதில் ஒருநாளும் தவறியதில்லை. பிப்ரவரிக் குண்டுவெடிப்பில் அவருடைய தமக்கை மகன் இறந்தான் என்று செய்தி வந்தது. நாம் போகவில்லை. அச்சம் என்று சொல்லிக்கொண்டோம். அச்சமும் இருந்தது, ஆனால் முழுக்க அச்சமன்று. நம் 18 பேருக்கு அவர் வரவில்லையே என்ற எண்ணமும் உள்ளே கிடந்தது. இரண்டு மாதங்கள் கழித்து ஒரு மாலையில் சென்றோம். அவர் தலை நிமிர்ந்து பார்த்து, “வாங்க பாய், உக்காருங்க” என்றார். என்ன சொல்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தோம். சற்றுப் பொறுத்து எழுந்து, கலவரத்துக்கு முன் நாம் கொடுத்திருந்த கிதாபைப் பரணிலிருந்து இறக்கி, தூசி தட்டி முன்னால் வைத்தார். தோல் முதுகு போட்டு முடித்து வைத்திருந்தார். பேரேட்டைப் புரட்டி, இருபத்திரண்டு ரூபாய் பாக்கி என்றார். கொடுத்தோம். பின்னர் அவருடைய தமக்கை மகனின் பெயரைக் கேட்டோம். சொன்னார்.